ஏழாம் இலக்க ட்ரே

நூற்று முப்பத்துநான்கு பாகை, நான்கு நிமிடம்.
கீழ்த்தளத்து இந்த அறையிலிருந்து
உயிரோடு எதுவும் வெளியே போனதில்லை,
என்னைத் தவிர,
மாலை நாலரைக்கு, குடையோடு.

ஏழாம் இலக்க ட்ரேயில் இருபத்தாறு உருப்படி.
துளைப்பான், எலும்பு கவ்வி,
பூனை மீசை போல் மெல்லிய கொக்கி இரண்டு.
மேலே தியேட்டரில் மண்டையோடு திறப்பதை
கீழே நான் கழுவி, எண்ணி, அடுக்கி
நீராவிக்குள் தள்ளுவேன்.

சவரிமுத்து இக்னேஷியஸ்,
புறக்கோட்டை பஸ் நிலையத்து டைம்கீப்பர்.
மனிசி சொன்னாவாம்:
பாணந்துறை பஸ்ஸை மகரகமைக்கு அனுப்பினார்.
பிறகு ஒருநாள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு
இதை என்ன செய்வது என்று கேட்டார்.
பிறகு, யாராவது கதவைச் சாத்தினால் போதும்,
தரையில் போட்ட மீனாய்த் துள்ளினார்.
எல்லாம் ஒன்பது கிழமைக்குள்.
கட்டியாக இருக்கலாமென்று
மிளகளவு வெட்டி எடுத்தார்கள்,
ஏழாம் இலக்கத்தால்.

பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது.
டொக்டர் தர்மினி படியிறங்கி வந்தா.
இங்கே யாரும் இறங்கி வருவதில்லை.

கிருமி இல்லை மிஸ், என்றா.
வைரஸும் இல்லை.
எல்லாருடைய மூளையிலும் உள்ள ஒரு புரதம்,
உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு.
ஒன்று பிழையாய் மடியும்.
பக்கத்தில் இருப்பதைத் தொடும்.
அதுவும் அப்படியே மடியும்.
மூளை துளைதுளையாய், கடற்பஞ்சாய்.

சூட்டில் சாகாதா?

சாவதற்கு
அது உயிரோடு இல்லையே.

அன்று பின்னேரம் வார்டுக்குப் போனேன்.
என் வேலையில் அதற்கு இடமில்லை, போனேன்.
அவர் தலையிலிருந்து வந்த வயர்கள்
காகிதத்தில் கீறிக்கொண்டிருந்தன:
நொடிக்கு ஒரு முள்,
இடைவெளி,
நொடிக்கு ஒரு முள்.
முப்பது வருடம் பிந்திய பஸ்களைத் திட்டித் தீர்த்தவரின் தலைக்குள்
இப்போது எதுவும் பிந்தவில்லை.

பதிவேட்டைப் புரட்டினேன்.
பதினோரு நாளில் மூன்று தடவை மேலே போயிருந்தது ட்ரே.
மூன்று இடத்திலும் என் கையெழுத்து,
வால் நீண்ட என் யோகராணி.
நயீமா உம்மா, வத்தளை, அறுபத்தொன்று.
பெயர் தெரியாத ஆண், விபத்து. அடுத்த நாளே இறந்துவிட்டார்;
அவருக்கு இனிக் கவலையில்லை.
தெஹான், பொரளை, பதின்மூன்று.

கூட்டம் வைத்தார்கள்.
ஆபத்து மிகச் சொற்பம் என்றார்கள்.
பத்து வருடத்தில் வரலாம், முப்பதில் வரலாம்,
அநேகமாய் வரவே வராது.
மருந்தில்லாத செய்தியைச் சொல்வதா விடுவதா
என்று மூன்று மொழியிலும் பேசிவிட்டு
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள்.
தேநீரும் மீன் பணிஸும் வந்தன.

இருபத்தாறு உருப்படியையும் காரத்தில் ஊறவைத்து
சிவப்புப் பெட்டியில் பூட்டி
எரிக்க அனுப்பினேன்.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
மடிப்பு என்று எழுதிவிட்டேன்.
வெட்டி, நோயின் பெயரை எழுதினேன்.
அது கட்டத்துக்குள் அடங்கவில்லை.

நேற்று பொரளைச் சந்தியில் ஒரு பையன்
மிளகாய்த்தூள் போட்ட வெரலு வாங்கிக்கொண்டிருந்தான்.
காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு பிறைக்கோடு.
அவன்தானா, தெரியாது.
தலையில் தழும்புள்ள பிள்ளைகள்
இந்த ஊரில் எத்தனையோ.
கடைக்காரர் தந்த மிச்சத்தை எண்ணிப் பார்த்து
பத்து ரூபாய் குறையுது என்றான், சிங்களத்தில்.
சரியாகத்தான் சொன்னான்.
நானும் எண்ணியிருந்தேன்.

என் பஸ் வந்தது. ஏறவில்லை.
கண்டக்டர் தகரத்தில் படாரென்று அடித்தான்.

பையனைப் பார்த்தேன்.
கொட்டையைத் துப்பிவிட்டு
அடுத்ததை வாயில் போட்டான்.

துள்ளியது நான்தான்.